படைவலியும் திருவடிவலியும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் வழியில் உள்ளது காரமடை. அரங்கநாதன் என்ற திருநாமத்தோடே எம்பெருமான் அங்கே எழுந்தருளியிருக்கிறான். மாசிமகத் தேரும் பந்தசேவையும் தண்ணீர்ச்சேவையும் கொங்கு நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் உழவர் பெருமக்களை அங்கே கூட்டிவிடும். அச்சந்நிதியில் ஒரு புதுமை உண்டு. பெருமாளைச் சேவித்து நிற்பவர் தலையில் மற்றத் திருத்தலங்களில் ஸ்ரீசடகோபம் சாதிப்பார்கள். காரமடையிலோ இராமபாணத்தைச் சாதிக்கிறார்கள்.

ஸ்ரீசடகோபம் என்பது எம்பெருமானுடைய திருவடி நிலை. நம் சம்பிரதாயத்தில் அதுவே நம்மாழ்வார். பாணமோ போர்க்கருவி. திருவடி இருக்கவேண்டிய இடத்தில் அம்பு வந்தது எங்ஙனே? அம்பு பட்டால் தலை அறும்; இவ்வம்பு பட்டால் தலை தாழ்கிறது. சேவித்துத் திரும்பும்போதெல்லாம் அடியோம் நெஞ்சில் இது ஒரு கேள்வியாகவே நின்றதுண்டு.

போர்ச் செய்தி வரும் காலங்களில் அக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. காரமடை இருக்கும் அதே மாவட்டத்தில்தான் சூலூர் விமானப்படைத் தளமும் இருக்கிறது. தேஜஸ் போர்விமானங்கள் அங்கிருந்து எழும் ஓசை கேட்டு வளரும் குழந்தைகள் உண்டு. எல்லையில் நிற்கும் மகனுக்காகத் திருவிளக்கேற்றும் தாய்மார் உண்டு. காலக்ஷேப கோஷ்டிகளிலே இக்கேள்வி எழாமல் இராது: "அவனே ரக்ஷகன் என்றிருப்பவனுக்குப் படை எதற்கு? படை வேண்டுமென்றால், சரணாகதிக்கு அங்கமான மஹாவிசுவாசம் என்னாயிற்று?" இதற்கு மேலெழுந்தவாரியாக விடை சொல்லிப் போகலாகாது. நம் பூர்வாசாரியர்கள் போரைத் தூரத்திலிருந்து கேட்டவர்கள் அல்லர். அதன் நடுவே நின்றவர்கள். அவர்கள் நின்ற நிலையைப் பார்த்தே விடை காணவேண்டும்.

ஆழ்வார் காட்டும் அரண்மனை முற்றம்

முதலில் ஆழ்வார் திருவுள்ளத்தைப் பார்ப்போம். திருவாய்மொழி நான்காம் பத்தின் முதல் திருவாய்மொழி முழுவதும் செல்வத்தின் நிலையாமையைப் பேசுகிறது. உலகையெல்லாம் தனியரசாக ஆண்டவன், ஒருநாள் உடைந்த பானையோடு நாடே பார்க்க இரந்து நிற்பான். தெருநாய் அவன் காலைக் கவ்வும். சிற்றரசர்கள் முடி படும்படி வணங்க, முற்றத்தில் முரசு இடிபோல் முழங்க வீற்றிருந்தவனும் பொடியோடு பொடியாய்ப் போவான். இப்படிச் சொல்லி, காலம் இருக்கும்போதே திருநாரணன் திருவடியை நினையுங்கள் என்று உபதேசிக்கிறார் ஆழ்வார்.

இதைக் கொங்கு நாட்டில் இருந்து கேட்பவர்களுக்குத் தனியே உரை வேண்டா. கோயம்புத்தூரில் கோட்டைமேடு என்று ஓர் இடம் இருக்கிறது; கோட்டை இல்லை. 1791இல் மைசூர்ப் படையும் கும்பினிப் படையும் அக்கோட்டைக்காக முற்றுகையும் எதிர்ப்புமாய்ப் பொருதன. அதற்கு முந்தைய ஆண்டில் பவானியாற்றங்கரைச் சத்தியமங்கலத்தில் திப்பு சுல்தான் படைக்கும் கும்பினிப் படைக்கும் பெரும்போர் நடந்தது. வென்றவன் கோட்டையும் இல்லை, தோற்றவன் கோட்டையும் இல்லை. ஊர்ப்பெயராக ஒரு மேடு மட்டும் எஞ்சியது.

ஆயினும் ஆழ்வார் ஆயுதத்தையே வெறுத்தவர் என்று கொள்ளலாகாது. ஏழாம் பத்தின் நான்காம் திருவாய்மொழியிலே எம்பெருமானுடைய வெற்றிகளைப் பாடத் தொடங்கும்போது, திருவாழியும் சங்கும் வில்லும் தண்டும் வாளும் எழுந்த எழுச்சியை முதலில் வைத்தே பாடுகிறார். முரசு முழங்கிய முற்றத்தை இகழ்ந்த அதே திருவாய், திருவாழி எழுந்ததை உகந்து பாடுகிறது. ஆகையால் ஆழ்வாருக்குக் கேள்வி ஆயுதம் வேண்டுமா வேண்டாவா என்பது அன்று; அது எவனுடையது என்று நினைக்கப்படுகிறது என்பதே. "என் படை" என்று நினைத்தவன் முற்றத்தில் நாய் வந்தது. "அவன் படை" என்று நினைத்தவனுக்கு அதுவே மங்களாசாஸனத்துக்கு விஷயமாயிற்று.

கொங்கு நாடு தாங்கிய அபயம்

இனிக் கொங்கு நாட்டுக்கு இதில் என்ன அந்வயம் என்று பார்ப்போம். சோழ அரசனுடைய கெடுபிடியால் எம்பெருமானார் வெள்ளை உடுத்துத் திருவரங்கத்தை விட்டு மேல்திசை நோக்கி எழுந்தருளியதைக் குருபரம்பரை சொல்கிறது. காட்டுவழியில் பசித்து இளைத்த அந்தக் கோஷ்டிக்கு முதலில் தேனும் தினையும் கொடுத்தவர்கள் மலையடி வேடர்கள். அடுத்து அமுது படைத்தவள் கொங்குப் பிராட்டி. கொங்கு நாட்டில் பஞ்சம் வந்த காலத்தில் திருவரங்கம் வந்து, எம்பெருமானாரிடம் த்வய மந்திரம் பெற்றுத் திரும்பியவள் அவள். காஷாயமும் முக்கோலும் இல்லாமல் வந்தவரை அவள் முகத்தைப் பார்த்து அறியவில்லை. திருவடியைப் பார்த்து அறிந்தாள். அரசன் படை தேடியும் காணாத ஒருவரை, அகத்துக்குள் இருந்த ஒரு பெண் கண்டுகொண்டாள் என்பது சிந்திக்கத்தக்கது.

இரண்டாவது கலகம் இதனினும் கொடியது. 1323ஆம் ஆண்டு தில்லிப் படை தெற்கே வந்தபோது திருவரங்கம் சூறையாடப்பட்டது. மாண்டவர்கள் பன்னீராயிரம் பேர் என்று கோயிலொழுகு கணக்குச் சொல்லும். ஸ்ரீபாஷ்யத்துக்குச் ச்ருதப்ரகாசிகை என்னும் உரை அருளிய சுதர்சன பட்டர் அப்போது முதிய பருவத்தினர். தாம் தப்புவது அரிது என்று கண்டு, அவ்வோலைகளையும் தம் இரு குமாரர்களையும் வேதாந்த தேசிகன் கையில் ஒப்புவித்தார். தேசிகன் அச்சிறுவர்களோடு காவிரி மணலில் பிணங்களுக்கு இடையே பிணம்போல் கிடந்து, படை அகன்றபின் எழுந்து மேற்கே சென்றார் என்பது நம் பெரியோர் சொல்லும் வரலாறு.

அவர் சென்று தங்கிய ஊரைச் சிலர் சத்தியமங்கலம் என்பர். பெரும்பாலோர் கொள்ளேகால் பக்கத்தில் காவிரிக்கரையில் இருக்கும் சத்தியாகாலம் என்பர். இவ்விரண்டில் எதைக் கொண்டாலும் நமக்கு வழக்கில்லை. கொள்ளேகால் வட்டம் 1956இல் மைசூர் மாநிலத்தோடு சேரும் வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. சத்தியமங்கலமும் 1979இல் ஈரோடு மாவட்டம் பிரியும் வரை அதே மாவட்டத்தைச் சேர்ந்ததே. நம்பெருமாள் பல ஊர்களில் மறைந்து எழுந்தருளியிருந்த காலத்தில் நெடுநாள் தங்கிய திருக்கணாம்பியும், திம்பம் மலைப்பாதைக்கு அப்பால், இன்றைய சாமராசநகர் மாவட்டத்தில் இருக்கிறது. பெருமாளும் ஆசாரியனும் வீடிழந்து நின்றபோது கொங்கும் அதன் எல்லைப்புறமும் அவர்களுக்கு இடங்கொடுத்தன என்பதில் இம்மண்ணுக்கு ஒரு பெருமை உண்டு.

அங்கிருந்து தேசிகன் அருளிச்செய்ததுதான் அபீதிஸ்தவம். 29 சுலோகங்கள் கொண்டது. பீதி என்றால் அச்சம். அபீதி என்றால் அச்சமின்மை. அரங்கன் ஒருவனிடம் அச்சம் நீங்க வேண்டுகிறார். அதில் ஓரிடத்தில், உலகில் எழுந்து பரவும் இந்தப் பயத்தை உன் ஐந்து ஆயுதங்களாலே விரைவில் போக்கு என்று கேட்கிறார். வேறோரிடத்தில், திருவரங்கத்தில் ஒருவர்க்கொருவர் நன்மை நினைப்பவர்கள் நடுவே மீண்டும் வாழ்வதை விரும்புகிறார். எவனையும் நோக்கி "நான் பழி வாங்குவேன்" என்ற சொல் இல்லை. தமக்கு ஒரு படை வேண்டும் என்ற சொல்லும் இல்லை. பயம் போக வேண்டும். அவன் ஆயுதம் போக்க வேண்டும். பழைய கோஷ்டி கூட வேண்டும். போருக்கு நடுவே சரணாகதனுடைய விண்ணப்பம் இவ்வளவே.

காப்பவனைக் காத்தவர்கள்

அக்கலகத்திலேயே மற்றோர் ஆசாரியர் வேறொரு சுமையைத் தாங்கினார். பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளைத் திருப்பல்லக்கில் எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே நடந்தார். அப்போது அவர் வயது முதிர்ந்தவர். காட்டில் திருடர் சூழ்ந்து திருவாபரணங்களைப் பறித்தனர். தம்மிடம் இருந்ததையும் அவர் கொடுத்துவிட்டார் என்பார்கள். மதுரைக்கு அருகே ஆனைமலைப் பக்கத்தில் ஜ்யோதிஷ்குடி என்ற இடத்திலே, இன்றைய கொடிக்குளத்திலே, அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். நம்பெருமாள் திருவரங்கம் திரும்பியதை அவர் கண்டிலர்.

இவர்தாம் ஸ்ரீவசனபூஷணம் அருளிச்செய்தவர். அந்நூலில் மங்களாசாஸனத்தைப் பற்றி ஒரு விசாரம் வருகிறது. எம்பெருமான் சர்வரக்ஷகன் ஆயிற்றே. அவனுக்கு என்ன வருமோ என்று பெரியாழ்வார் அஞ்சிப் பல்லாண்டு பாடியது பொருந்துமா? அதற்குப் பிள்ளை லோகாசாரியர் சொல்லும் விடையின் கருத்து இது: அறிவு நிலையில் நிற்கும்போது அவன் காப்பவன், நாம் காக்கப்படுபவர்கள், பிரேமம் முற்றினால் இது தலைமாறும், காக்கப்படுபவன் தன்னைக் காப்பவனாக நினைத்துக்கொள்வான். அது அறியாமை அன்று, அன்பின் முதிர்ச்சி.

சூத்திரமாகச் சொன்னது, 1323இல் அவருக்கே வாழ்வாயிற்று. ஓலையில் எழுதியதைத் தோளில் தாங்கி நடந்தார். "அவன் தன்னைத் தானே காத்துக்கொள்வான், நாம் விசுவாசத்தோடு இருப்போம்" என்று அவர் திண்ணையில் அமர்ந்திருக்கவில்லை. அமர்ந்திருந்தால் அதற்கு மஹாவிசுவாசம் என்று பெயர் சொல்ல யாரும் தயங்கியிருக்கமாட்டார்கள்; அது சோம்பலாய் முடிந்திருக்கும். மறுபுறம், "காப்பது நானே" என்ற எண்ணமும் அவருக்கு இல்லை. ஆபரணம் போனபோது கலங்காதவருக்கு அவ்வெண்ணம் ஏது?

நம்மாழ்வார் திருமேனிக்கும் இக்கலகத்தில் இதுவே நேர்ந்தது. மலைச்சரிவில் ஒரு பள்ளத்தில் மறைத்து வைக்கப்பட்ட ஆழ்வாரை மீட்கத் தோழப்பர் என்பவர் கயிறு பற்றி இறங்கினார். ஆழ்வாரை மேலே அனுப்பிவிட்டுத் தாம் ஏறும்போது தவறி விழுந்து உயிர் நீத்தார் என்று பெரியோர் சொல்லிவைத்திருக்கிறார்கள். இன்று நாம் திருவாய்மொழியை வாயாரச் சேவிக்கிறோம். ஸ்ரீபாஷ்ய உரையை விரித்துப் படிக்கிறோம். இவற்றை நமக்குத் தந்தவர்கள் கையில் வாள் இல்லை. ஒருவர் பெருமாளைச் சுமந்தார். ஒருவர் ஓலையையும் இரு குழந்தைகளையும் சுமந்தார். ஒருவர் கயிற்றில் இறங்கினார். பின்னாளில் நாம் கலை பிரித்துப் பேசும் இரு ஆசாரியர்களும் ஒரே கலகத்தில் ஒரே அரங்கனுக்காக அலைந்தார்கள் என்பதையும் மறவாதிருப்போம்.

மாண்டவர்கள் கணக்கு

இங்கே நெஞ்சை உறுத்தும் ஒன்றைத் தாண்டிப் போகலாகாது. அன்று மாண்டவர்களும் பக்தர்களே. அவர்களும் அரங்கனையே நம்பினார்கள். அவர்கள் நம்பிக்கை பொய்த்ததா? "நம்பியவனுக்கு ஒன்றும் நேராது" என்று மேடையில் சொல்வது எளிது. சுதர்சன பட்டர் முன்னே நின்று அதைச் சொல்லமுடியுமா?

நம் சம்பிரதாயம் அப்படிச் சொல்லவில்லை. சரணாகதி என்பது உடலுக்கு எழுதிவாங்கும் காப்புச்சீட்டு அன்று. சோழன் அவையில் கண்ணை இழந்த கூரத்தாழ்வான் சரணாகதர்களில் தலைவர். விசுவாசம் அவர் கண்ணைக் காக்கவில்லை. ஆனால் கண் போனபின்னும் தமக்குத் தீங்கு செய்தவனுக்காக வேண்டும் நெஞ்சைக் காத்தது. ஆயுதம் உடலைக் காக்கலாம், காவாமலும் போகலாம். அச்சத்தினின்றும் பகையினின்றும் நெஞ்சைக் காக்க அதற்கு வலியில்லை. சுதர்சன பட்டர் கடைசி நாழிகையில் தம் உயிரை எண்ணாமல் ஓலையை எண்ணினாரே, அந்த நிலைதான் அவர் பெற்ற ரக்ஷை.

கோப்பணன் வாளும் காண்டீபமும்

நம்பெருமாள் திருவரங்கத்துக்குத் திரும்பியது 1371ஆம் ஆண்டில். நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. அவனை மீட்டு எழுந்தருளப்பண்ணியது விஜயநகரத்துக் குமார கம்பணரின் அதிகாரியாகச் செஞ்சியில் இருந்த கோப்பணாரியர். அவர் படையோடுதான் வந்தார். அச்செயலைப் போற்றும் இரண்டு வடமொழிச் சுலோகங்கள் திருவரங்கத்துத் திருமதிலில் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. அவை தேசிகன் அருளிச்செய்தவை என்று பெரியோர் கொள்வர்.

அபீதிஸ்தவத்தில் அரங்கனுடைய ஐந்து ஆயுதங்களை வேண்டிய ஆசாரியர், ஒரு மனிதன் கை வாளைப் புகழ்ந்தது முரணா? முரண் அன்று. வேண்டியபோது எந்த வழியில் வரும் என்று அவர் வரையறுக்கவில்லை. வந்தபோது, இது அவன் அனுப்பிய வழி என்று கண்டுகொண்டார். நாற்பத்தெட்டு ஆண்டு காத்திருக்க ஒரு விசுவாசம் வேண்டும். காத்திருந்தது ஒரு வீரனுடைய கையாய் வந்தபோது, "இது வெறும் படை" என்று தள்ளாதிருக்கவும் ஒரு விசுவாசம் வேண்டும்.

மஹாபாரதம் இதை இன்னும் தெளியக் காட்டும். கண்ணன் ஒருபுறம் நாராயண சேனையை வைத்தான். மறுபுறம் ஆயுதமெடாத தன்னை வைத்தான். துரியோதனன் சேனையை எண்ணி மகிழ்ந்தான். அருச்சுனன் கண்ணனைக் கொண்டான். அத்தோடு நில்லாமல் அடுத்ததையும் பார்க்கவேண்டும். கண்ணனைக் கொண்ட அருச்சுனன் வில்லைக் கீழே போட்டபோது, "என்னைக் கொண்டாய், இனி வில் எதற்கு" என்று கண்ணன் சொல்லவில்லை. எழுந்து பொருவாய் என்றான். இறுதியில், கண்ணன் தன்னடிச்சோதிக்கு எழுந்தருளியபின், துவாரகையின் பெண்களை அழைத்துச் சென்ற அருச்சுனனை வழியில் ஆபீரர்கள் தடிகளோடு மறித்தனர். அதே கை, அதே காண்டீபம். ஆனால் அஸ்திரங்கள் நினைவுக்கு வரவில்லை, அம்புகள் தீர்ந்தன, அப்பெண்களைக் காக்க முடியவில்லை. வில்லின் வலி வில்லில் இருந்ததில்லை என்பதை அருச்சுனன் அன்றுதான் முற்ற அறிந்தான்.

ஆகவே தெளிய வேண்டியது இது. படையை விட்டு விசுவாசத்தைக் கொள் என்பது நம் ஆசாரியர்கள் சொன்னது அன்று. விசுவாசத்தை விட்டுப் படையைக் கொள் என்பது துரியோதனன் கொண்டது. படையை அவனுக்குக் கைங்கர்யமாகக் கொள். படை இல்லாதபோது ஓலையையோ குழந்தையையோ கயிற்றையோ அதே கைங்கர்யமாகக் கொள். எது கையில் இருந்தாலும் ரக்ஷகன் அவன் என்பதை மறவாதே. இதுவே அவர்கள் வாழ்ந்து காட்டியது.

பகையும் பகைவனும்

ஒன்று சொல்லி முடிப்போம். போரைப் பேசும்போது நாவில் நஞ்சேறுவது இயல்பு. திருவரங்கம் பட்ட துயரை நினைப்பவர்கள், அதே திருவரங்கத்துக்குள் துலுக்க நாச்சியாருக்கு ஓர் இடம் இருப்பதையும் நினைக்கவேண்டும். பெருமானிடம் காதல் கொண்டு பின்தொடர்ந்து வந்த சுல்தான் மகள் அவள் என்பது கோயில் மரபு. அவள் பொருட்டு நம்பெருமாளுக்கு ரொட்டியும் நிவேதனமாகிறது. எந்தத் திசையிலிருந்து படை வந்ததோ, அந்தத் திசையிலிருந்து வந்த ஒரு பெண்ணை நாச்சியாராக ஏற்றுக்கொண்ட கோயில் அது. துயரை மறந்ததனால் ஏற்றதன்று. பகையைச் சுமக்க மறுத்ததனால் ஏற்றது. சக்கரவர்த்தித் திருமகனும், பகைவன் தம்பி கடற்கரையில் வந்து நின்றபோது, படைத்தலைவர்களில் பலர் தடுக்கவும் அபயம் கொடுத்தான். அபயப்ரதாநஸாரம் என்று தேசிகன் தனியே ஒரு கிரந்தம் செய்தருளியது அதைப் பற்றியே. போர் நடந்துகொண்டிருக்கும்போதே அபயம் தரவல்லவன் கையில் இருந்தால்தான் வில்லுக்குப் பெருமை.

இப்போது காரமடைச் சந்நிதிக்குத் திரும்புவோம். நம் தலையில் சாதிக்கப்படும் பாணம் அபயம் கொடுத்த அந்தக் கையில் இருந்த பாணம். ஆகையால் அதுவும் திருவடியே. எல்லையில் நிற்கும் மகன் துப்பாக்கியைப் பிடிக்கட்டும். அது அவன் கைங்கர்யம். வீட்டில் இருக்கும் தாய் திருவிளக்கின் முன் அவனுக்காக மட்டுமன்றி, எதிரில் நிற்பவனைப் பெற்ற தாய்க்காகவும் ஒரு வார்த்தை விண்ணப்பிக்கட்டும். அது அவள் கைங்கர்யம். அம்பு தலையில் படும்போது "எனக்கு வெற்றி வேண்டும்" என்று கேளாமல், "அச்சம் நீங்கவேண்டும், உன் திருவரங்கத்தில் ஒருவர்க்கொருவர் நன்மை நினைப்பவர்களாய் நாங்கள் வாழவேண்டும்" என்று, காடும் மலையும் தாண்டி இந்நாட்டில் வந்து தங்கிய நம் ஆசாரியன் கேட்டதையே நாமும் கேட்போமாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஆசாரியர்கள் திருவடிகளே சரணம்.